இடது முழங்கால்

பாலம் தாண்டிய கொஞ்ச நேரத்தில் முன்சீட்டில் மூச்சிரைப்பு அடங்கிவிட்டது.

அதுவரை கொழுந்தன் விட்ட மூச்சு அந்தக் காட்டுக்கே கேட்டிருக்கும். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தே தொப்பை வளர்த்தவன். அண்ணன் போன பிறகு அண்ணி வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான் என்பதால் மறுக்க மனம் வரவில்லை. அண்ணனுடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு பேர் ஓட்டும் நீள சைக்கிள் அது. ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருப்பவர் பாடு. பின்னால் இருப்பவருக்கு மிதிப்பது மட்டும்தான் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லாத அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

சங்கிலி இரண்டு பேரின் பெடலையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கும். ஒருவர் கால் சுற்றினால் மற்றவர் காலும் சுற்றியே தீர வேண்டும்.

கல்யாணமான புதிதிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் கணவன் முன்னால், அவள் பின்னால், இந்த மலைப்பாதையில்தான். மற்றவர்களுக்கு அவன் முகம் தெரியும். அவளுக்கு அவன் கால் தெரியும்.

சின்ன வயதில் உடைந்து கூடிய இடது முழங்கால். மேலே வந்ததும் துளி தயங்கும். பிறகுதான் அழுத்தும்.

"உங்க முழங்கால் யோசிச்சு யோசிச்சு மிதிக்குது" என்று கேலி செய்வாள். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஷூ மாட்டக் குனிந்தவன் அப்படியே சரிந்துவிட்டான்.

அவர் எங்கேயும் போகவில்லை, உன்னோடுதான் இருக்கிறார் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள். கண் தெரிந்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஓர் அறையில் ஆள் இருந்தால், மூச்சை அடக்கிக்கொண்டு மூலையில் நின்றாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

படுக்கையறையில் நின்று பார்த்தாள். கூடத்தில் நின்று பார்த்தாள். குளியலறையைக்கூட விடவில்லை. வீடு காலியாக இருந்தது.

மிச்சமிருந்தது இந்தப் பாதைதான். இங்கேயும் இல்லையென்றால் அவன் எங்கேயும் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். பாலம்வரை பெடலில் கொழுந்தனின் முரட்டு உதையைத் தவிர வேறெதுவும் இல்லை.

இப்போது காற்றும் நின்றுபோயிருந்தது. மரங்கள் நெருங்கிவிட்டதைப் புறங்கையில் இறங்கிய குளிர் சொன்னது. ஈரத் தழை வாசனை. விடாமல் கத்திக்கொண்டிருந்த பறவை ஒன்று பாதியில் நிறுத்திக்கொண்டது.

ஏற்றம் கடுமையாகியிருக்க வேண்டும். கால் கனத்தது.

இடது பெடல் மேலே வந்தது. தயங்கியது. பிறகு இறங்கியது.

மனப்பிராந்தி என்று நினைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தாள்.

மேலே வந்தது. தயங்கியது.

இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறுகிறவன் ஒரே ஒருவன்தான். கையை நீட்டினால் முன்னால் இருக்கும் முதுகு எட்டும். யாருடைய முதுகு என்று தெரிந்துவிடும். நீட்டவில்லை. அவ்வளவு பயமும் அவ்வளவு சந்தோஷமும் ஒன்றாக அவளுக்கு வந்ததே இல்லை.

வளைவு ஒன்று போனது. இன்னொன்றும் போனது. அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"என்னங்க" என்றாள், மெல்ல.

"நான்தான் அண்ணி." என்றான் கொழுந்தன். "தொடை பிடிச்சுக்கிச்சு. பாலத்துலேர்ந்தே நான் மிதிக்கல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. கால சும்மா வச்சுக்கிட்டு வர்றேன், நீங்கதான் இழுத்துட்டு வர்றீங்க."

அவள் இன்னும் ஒரு சுற்று மிதித்தாள். பிறகு, "கால ரெண்டையும் பெடல்லேர்ந்து எடுத்துடு தம்பி" என்றாள்.

எடுத்துவிட்டான். ஷூ இரண்டும் சட்டத்தில் இடித்த சத்தம் கேட்டது.

இடது பெடல் மேலே வந்தது. தயங்கியது. பிறகு இறங்கியது.

அவள் முழங்காலில் ஒரு குறையும் கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சீராக மிதித்துப் பார்த்தாள். வலது கால் சொன்னபடி கேட்டது. இடது கால் மேலே வந்ததும் யோசித்தது.

முதலில் ஏமாந்துபோனது போலத்தான் இருந்தது. இத்தனை நேரம் தன் காலோடு தானே பேசிக்கொண்டிருந்ததாக வெட்கப்பட்டாள். அடுத்த சுற்றில் வெட்கம் போய்விட்டது. பேய் பிடித்தவர்கள் தலையை விரித்துப்போட்டுக் கூத்தாடுவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தாள். இப்படிச் சத்தமில்லாமல் முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று யாரும் சொன்னதில்லை. சாவு வீட்டில் வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது.

கொழுந்தன் பதறிவிட்டான். ஏற்றம் தாங்காமல்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"அழாதீங்க அண்ணி. இன்னும் ஒரே ஒரு வளைவுதான், உச்சி தெரியுது. அப்புறம் வீடு வரைக்கும் இறக்கம். மிதிக்கவே வேண்டாம்."

அவள் கால்கள் வேகத்தைக் குறைத்தன.

சைக்கிள் தள்ளாட ஆரம்பித்தது. விழுந்துவிடப் போகிறோம், கொஞ்சம் அழுத்தி மிதியுங்கள் என்று அவன் ஹேண்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டே கெஞ்சினான்.

அவள் இன்னும் மெதுவாக மிதித்தாள்.