அடுப்போரம் வைத்த ஷூ

ரோட்ரியின் ஷூ இன்றும் அடுப்பு ஓரத்தில் இல்லை.

காலையில் மலையிலிருந்து சொட்டச் சொட்ட இறங்கி வந்ததும் அவன்தான் அங்கே வைத்தான். நன்றாக ஞாபகம் இருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், சைக்கிள் அணி தங்கியிருக்கும் விடுதியின் வாசல் தாழ்வாரத்தில் சில்லென்ற காற்றில் கிடக்கிறது. உள்ளே செய்தித்தாள் சுருட்டி அடைத்திருக்கிறது. நேற்றும் இதே கதைதான்.

யார் எடுத்தது என்று கேட்டுப் பார்த்தான். அணித் தலைவன் க்விலிம்தான் பதில் சொன்னான்.

"உன் காலோட வாசம் தாங்காம அதுவே எழுந்து வெளிய போயிருக்கும்டா."

எல்லாரும் சிரித்தார்கள். நெரிஸ் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வந்தாள். ரோட்ரி கேளாததுபோல் நகர்ந்துவிட்டான்.

நெரிஸை நேருக்கு நேர் பார்க்க அவனுக்கு ஒரு சங்கடம். நாளைக்கு மலைப்பாதையில் சைக்கிள் போட்டி. அணியில் நான்கு பேருக்குத்தான் இடம். இத்தனை வருஷமாக நான்காவது ஆள் நெரிஸ்தான். இந்தத் தடவை மயிரிழையில் ரோட்ரி முந்திவிட்டான். அவள் மாற்று ஆள். இவனால் முடியாமல் போனால்தான் அவள் ஓட்டலாம்.

வேல்ஸ் மலையில் மழை விட்டால்தான் செய்தி. பாதை முழுக்க ஊறின வேரும் பாறையும். கால் ஒரு தடவை பெடலை விட்டு நழுவினால் போதும், பெடல் முள் கெண்டைக்காலைக் கிழித்துவிடும்.

அதற்காகத்தான் போன மாதம் புது ஷூ வாங்கப் போனான். சைக்கிள் கடையில் விற்பனை வேலையில் இருந்ததும் நெரிஸ்தான். ஒரு ஷூ பெடலைக் கவ்விப் பிடிக்கும், ஆனால் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு நாள் காயாது. இன்னொன்று சீக்கிரம் காயும், பிடிப்பு போதாது. தரையில் ஒரு பெடலை வைத்து, தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு ஏறி நிற்கச் சொன்னாள். ரப்பர் மெத்தென்று இருக்கணும், மேலே துணி மெல்லிசாக இருக்கணும் என்று விளக்கினாள். அவனுக்குத் தலை சுற்றியது. கடைசியில் அவள் கால்களைப் பார்த்தான். அவள் போட்டிருந்ததையே தனக்கும் கொடுக்கச் சொன்னான். பெட்டியைக் கட்டும்போதும் அவள் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் காதில் ஏறவில்லை.

அவ்வளவு பொறுமையாக விற்றவள் இப்படிச் செய்வாளா?

மதியம் ஷூவை மறுபடி அடுப்போரம் வைத்துவிட்டு, வெளியே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தான். நெரிஸ்தான். இரண்டு கையாலும் ஷூவைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு நடந்தாள்.

ரோட்ரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஈர ஷூவோடு ஓட்டினால் கால் விறைக்கும், விறைத்தால் நழுவும், நழுவினால் அவள் இடம் அவளுக்கு. அது சரி. ஆனால் கெடுக்க நினைப்பவள் எதற்கு உட்கார்ந்து செய்தித்தாள் அடைக்கிறாள்? யாராவது கேட்டால் காட்டிக்கொள்ளத்தான், என்று முடிவு செய்தான்.

இந்தத் தடவை ஷூவை விறகுக் கூடைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், அடுப்பை ஒட்டி ஒளித்து வைத்தான்.

சாயங்காலம் எல்லாரும் சூப்பும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். நெரிஸ் வெளியே சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு முன்னால் அவளுடைய ஷூ ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பாவம், நனைந்து கிடந்தது, நான்தான் வைத்தேன் என்றான் க்விலிம்.

ரோட்ரி சத்தமில்லாமல் எழுந்தான். அவள் ஷூவை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் வைத்தான். கணக்கு தீரட்டும் என்று, அவள் செய்ததுபோலவே செய்தித்தாளும் அடைத்தான்.

விடிந்தது. ரோட்ரியின் ஷூ மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. சந்தோஷமாக மாட்டி, நாலடி வைத்தான். அடிப்பாகம் வாயைப் பிளந்தது. மிச்சம் ஒட்டியிருந்த ரப்பரும் ஓடு மாதிரி இறுகிப்போயிருந்தது.

எல்லாரும் கூடிவிட்டார்கள். நெரிஸ் மண்டியிட்டு அதை வளைத்துப் பார்த்தாள்.

"அடுப்புச் சூட்டுல பசை விட்டுப்போச்சு. இந்த மெத்து ரப்பர் நெருப்பைக் கண்டாலே கெட்டுடும். காத்துலதான் காய விடணும். கடையில தலைபாடா அடிச்சுக்கிட்டேன்." க்விலிம் பக்கம் திரும்பினாள். "இதையும் நீதானே வச்ச?"

"நான் உன்னோடதை மட்டும்தான் வச்சேன்," என்று க்விலிம் திருதிருவென்று விழித்தான். பிறகு பெருமூச்சு விட்டான். "சரி, ஆனது ஆச்சு. நெரிஸ், நீ கிளம்பு. ரோட்ரிக்குப் பதில் நீதான்."

ரோட்ரி தலையைக் குனிந்துகொண்டான்.

நெரிஸ் கிளம்பவில்லை. தன் கால் ஷூவைக் கழற்றினாள். குளிர்ந்த கல்தரையில் வெறும் காலுறையோடு நின்றபடி, அதை அவன் முன்னால் தள்ளினாள்.

"போட்டுக்கோ. உனக்கும் எனக்கும் ஒரே அளவுதான்."

"அப்போ நீ?"

"இடம் ஜெயிச்சவன் நீ. நீதான் ஓட்டணும்," என்றாள் நெரிஸ். "நேத்து சைக்கிள் கழுவும்போது பார்த்துட்டேதான் இருந்தேன். அடுப்புல வெந்துக்கிட்டிருந்த என் ஷூவை எடுத்துட்டு வந்து, பேப்பர் அடைச்சு, காத்துல வச்சியே. உன்னோடதை மறந்துட்டு என்னோடதைக் காப்பாத்தியிருக்க. உனக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"