கயிறு இழுக்கும் நேர்ச்சை

பிரிசில்லா உள்ளே நுழைந்தபோது நோயாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். நோயாளியின் மனைவி பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

சமையலறை வாசலுக்கு மேலே ஒரு கப்பி. அதில் தொங்கும் கயிற்றின் இரண்டு முனையிலும் கைப்பிடி. ஒரு கையால் கீழே இழுத்தால் இன்னொரு கை தானாக மேலே போகும். இறுகிப்போன தோளுக்காக, பிசியோதெரபிஸ்ட் பிரிசில்லாவே மாட்டிவிட்டுப் போனது.

சவரியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முணுமுணுத்தபடி இழுத்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல போவட்டும்" என்றார் குழந்தைசாமி, டீயை ஊதிக்கொண்டே.

"ஐயா, உப்புக் குவியலுக்கு ஓலை மூடறப்போ வழுக்கி விழுந்தது நீங்கதானே?"

"ஆமாம்மா. வலது தோளு."

"அப்ப அம்மா ஏன் இழுக்கறாங்க?"

"அது நேர்ச்சை."

சவரியம்மாள் கண்ணைத் திறந்தார். "இவரு கை சரியாகணும்னு அந்தோணியார்கிட்ட வேண்டிக்கிட்டேன்மா. மெழுகுவத்தி ஏத்தறேன்னேன். மெழுகுவத்தி யாரு வேணா ஏத்துவாங்க, நீ வலியோட கயித்த இழு, அதுதான் சாமிக்குப் போய்ச் சேரும்னு இவருதான் சொல்லிட்டாரு. காலையில ஒரு ஜெபமாலை முடியிற வரைக்கும் இழுப்பேன், சாயங்காலம் ஒண்ணு."

கல்லூரியில் இப்படி ஒரு முறை பாடத்தில் இருந்ததா என்று பிரிசில்லா யோசித்துப் பார்த்தாள். இல்லை.

"சுவத்துல விரலால படிப்படியா ஏறச் சொன்னேனே?"

"அதையும் அவதான் ஏறினா. நான் கோடு போட்டுக் குடுத்தேன்" என்றார் குழந்தைசாமி.

"இப்ப கையைத் தூக்குங்க, பாக்கலாம்."

நெஞ்சு வரைக்கும் தூக்கினார். முகத்தைச் சுளித்தார். இறக்கிவிட்டார்.

பிரிசில்லாவுக்குப் பயமாக இருந்தது. வேலையில் சேர்ந்த பிறகு அவளிடம் முழுதாக ஒப்படைத்த முதல் நோயாளி இவர்.

"ஐயா, அடுத்த வாரம் உப்பளத்துல வேலை ஆரம்பிக்குது. மேஸ்திரி காலையிலயே எனக்கு போன் பண்ணிட்டாரு. உங்களால உப்பு வாருற பலகை இழுக்க முடியுமான்னு இன்னிக்குள்ள சொல்லலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாராம்."

"போட்டா போட்டுக்கட்டும்."

"இப்படித்தாம்மா பேசறாரு" என்றார் சவரியம்மாள். "நான் ஒருத்தியா போயி கூடை தூக்கறேன். இவரு குந்திக்கினு டீ குடிக்கட்டும். நீ இரு, பால் வாங்கியாந்துடறேன்."

அவர் தெரு திரும்பியதும் அலமாரி மேல் ஒரு பூனை ஏறியது. கருவாட்டுச் சட்டியில் வாயை வைத்தது.

"ச்சீ, போ" என்று குழந்தைசாமி எழுந்து துண்டை வீசினார்.

வலது கையால் வீசினார். கை காதை ஒட்டி நேராக நின்றது. பிரிசில்லா அளவெடுக்கும் கருவியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

"வலிக்குது" என்றார் குழந்தைசாமி, கொஞ்சம் தாமதமாக.

"எப்பத்திலேருந்து ஐயா தூக்கறீங்க?"

"கிறிஸ்மஸுக்கு முன்னயே சரியாயிடுச்சு. அவ இல்லாத நேரத்துல நீ சொன்னதெல்லாம் பின்பக்கமா போயி செஞ்சிடுவேன்."

"அந்தம்மா ஒருத்தரா கூடை தூக்கப் போறாங்க. நீங்க நடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க." பிரிசில்லா வாசலைப் பார்த்தாள். "அவங்க வரட்டும். நானே சொல்லிடறேன்."

"சொல்லாதம்மா."

"ஏன் சொல்லக் கூடாது?"

"அவளுக்கு இடது கை ரெண்டு வருஷமா தோளுக்கு மேல போகல. டாக்டர்கிட்ட வாடின்னா, எனக்கென்ன கேடுன்னுவா. தனக்குன்னா ஒரு மாத்திரை முழுங்க மாட்டா. எனக்குன்னா விட மாட்டா." டம்ளரைக் கீழே வைத்தார். "பூசைக்குப் போனா அவ முக்காட்டை நான்தான் இழுத்து விடுவேன். போன ஞாயித்துக்கிழமை அவளே போட்டுக்கிட்டா. நான் தேறிட்டேன்னு தெரிஞ்சா அன்னிக்கே நேர்ச்சை முடிஞ்சுதுன்னு கயித்த அவுத்துடுவா."

"அதுக்காக வேலையை விட்டுடுவீங்களா?"

"வேற என்ன பண்றது, நீயே சொல்லு."

கயிற்றை இழுக்கும்போது அந்த அம்மாவின் இடது கை நடுங்கியதைப் பிரிசில்லா பார்த்திருந்தாள். நோயாளிக்குப் பதில் இவர் இழுக்கிறாரே என்ற கோபத்தில், ஏன் நடுங்குகிறது என்று கேட்கவில்லை.

போனை எடுத்து மேஸ்திரியிடம் பேசினாள். "வருவாருங்க. பலகை இழுப்பாரு."

பால் பாக்கெட்டோடு வந்த சவரியம்மாள் அதைக் கேட்டு வாசலிலேயே நின்றார். "நிஜமாவா? அப்ப நேர்ச்சை முடிஞ்சுதா?"

குழந்தைசாமி தரையைப் பார்த்தார்.

"வேலைக்குப் போகலாம்மா. ஆனா தேறினது பாதிதான்" என்றாள் பிரிசில்லா. "நீங்க இப்ப நிறுத்தினா திரும்ப இறுகிடும். அப்புறம், சாமிக்குன்னா முறையா செய்யணும். வாரத்துக்கு ஒருதடவை நான் வந்து சொல்லித்தர்றேன்."

சவரியம்மாள் பாலை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உதவிக்கு எழுந்த கணவரைக் கையமர்த்தினார்.

"நீங்க உக்காருங்க. உங்களுக்கு இதெல்லாம் வராது."