எல்லோருக்கும் முப்பது

காலை ஒன்பது மணி. காபிக் கடை வாசலில் ஐந்து சைக்கிள்கள். முதலில் இறங்கியவர் கோலின் பாஸ்கோ.

"சராசரி வேகம் முப்பது!" ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே மீட்டரைப் பார்த்துக் கத்தினார். "உங்களுக்கெல்லாம் எவ்வளவு?"

"முப்பது," என்றார் மெர்வ்.

"எங்களுக்கும் அதேதான்," என்றார்கள் மற்ற இருவரும்.

க்வெண்டா தயங்கித்தான் சொன்னாள். "இருபத்தேழு."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சிரிப்பு.

"ஏம்மா, எங்க பின்னாலேயே ஒட்டிக்கிட்டு வந்தே. அப்புறம் எப்படி இருபத்தேழு? நடுவுல இறங்கித் தள்ளினியா?" என்றார் கோலின்.

"மீட்டர் அப்படித்தான் காட்டுது."

"அதுக்குப் பேரு மீட்டரா? எண்பது டாலருக்கு இன்டர்நெட்டுல வாங்கின பொம்மை. செயற்கைக்கோள் அதைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கும். திருப்பி அனுப்பிடு. இல்ல, எங்களை மாதிரி ஒழுங்கா மிதிக்கக் கத்துக்கோ!"

க்வெண்டா பல்லராட் என்ற இந்த ஊருக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஓய்வு பெற்ற கையோடு இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்தாள். ஊரில் அவளுக்கு வேறு யாரையும் தெரியாது. அதனால் கிண்டலைப் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது ஒன்றுதான்: ஒரே சாலை, ஒரே நேரம், எப்படி இரண்டு வேகம்?

"நாளைக்கு ஏரியைச் சுத்துவோமா?" என்றாள். "அங்கே பாதை ஓரமா தூரம் போட்டிருக்கு. யார் மீட்டர் சரின்னு தெரிஞ்சுடும்."

கோலின் வாயைத் திறப்பதற்குள் மெர்வ் முந்திக்கொண்டார். "ஏரியா? வேண்டவே வேண்டாம். அங்கே எங்கே பார்த்தாலும் நாய்."

"ஆமா ஆமா, ஒரே நாய்," என்றார்கள் மற்ற இருவரும்.

"இத்தனை வருஷம் வீடு வீடாப் போய்க் குழாய் மாட்டினவன், நாய்க்குப் பயப்படறான் பாரு!" கோலின் சிரித்துக்கொண்டே டோஸ்ட்டைக் கடித்தார். பேச்சு கால்பந்துக்குத் தாவிவிட்டது.

பல்லராட்டில் சைக்கிள் வைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றாத கூட்டம் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று க்வெண்டா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் தனியாகவே போனாள். நல்ல குளிர். பாதையை மறித்து நின்ற கருப்பு அன்னம் ஒன்று அவளைப் பார்த்துச் சீறியது. ஒரு சுற்று ஆறு கிலோமீட்டர். மீட்டரும் ஆறுதான் காட்டியது. சந்தேகத்துக்கு இன்னொரு சுற்று. அப்போதும் ஆறு.

ஆக, பொம்மை சொன்னது உண்மை. அப்படியானால் மற்ற நான்கும்?

அவளுடைய மீட்டர் வானத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுவது. மற்றவர்களுடையது சக்கரத்தில் மாட்டிய சென்சாரை நம்புவது. சக்கரத்தின் அளவை மீட்டரில் கூட்டிப் போட்டால் வேகமும் கூடும். நான்கும் ஒரே அளவுக்குத் தப்பாக இருக்கிறது என்றால், யாரோ உட்கார்ந்து கூட்டிப் போட்டிருக்கிறார்கள்.

மீட்டரைப் படம் எடுத்து, 'உங்கள் முப்பது பொய்' என்று தட்டச்சு செய்தாள். சனிக்கிழமைக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் முன், எல்லோருக்கும் மீட்டர் மாட்டிக்கொடுத்த மெர்வைக் கூப்பிட்டாள்.

"மெர்வ், சக்கர அளவு விஷயம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்த வயசுல எதுக்குங்க இந்த வெட்டிப் பெருமை? படத்தோட குழுவுல போடப்போறேன்."

"போட்டுட்டியா?"

"இன்னும் இல்லை."

"போனைக் கீழே வை. இல்ல, வைக்காதே, பேசு. ஆனா விரலை மட்டும் எடுத்துடு."

அவர் குரலில் கிண்டல் இல்லை.

"போன வருஷம் கோலினுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணாங்க. மெதுவா ஓட்டுங்கன்னு டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். இந்த மனுஷன் கேட்டாத்தானே? வாலிபத்துல பந்தயம் ஓட்டின ஆளு. மீட்டர்ல முப்பதைப் பார்க்காம மிதிக்கிறதை நிறுத்தமாட்டார். ஒரு சனிக்கிழமை பங்கரி ஏத்தத்துல வெளுத்துப்போய், உருளைக்கிழங்கு வயல் வேலியில சாஞ்சுட்டார். அன்னிக்குச் சாயங்காலம் அவர் பொண்டாட்டி நோரீன் என் வீட்டுக்கு வந்தா. சைக்கிளைப் பிடுங்கினா இவர் இடிஞ்சு போயிடுவார், பிடுங்கலேன்னா செத்துப்போயிடுவார், நான் என்ன பண்ணட்டும்னு அழுதா."

க்வெண்டா திரையிலிருந்து விரலை எடுத்தாள்.

"அவர் சக்கரம் பெரிசுன்னு மீட்டருக்குச் சொல்லிட்டேன். இருபத்தேழுல போனாலே முப்பது வந்துடும். அவரும் திருப்தியா மிதியைக் குறைச்சுப்பார்."

"சரி, நீங்க மூணு பேரும் எதுக்கு மாத்தினீங்க?"

"அவருக்கு மட்டும் முப்பது, எங்களுக்கெல்லாம் இருபத்தேழுன்னா விடுவாரா? உன்னை விட்டாரா?"

"என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"எங்க கிண்டல் தாங்காம நீயே ஓடிடுவேன்னு நினைச்சோம்."

க்வெண்டா படத்தை அழித்தாள். ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"என் மீட்டர் சக்கரத்தைப் பார்க்கிறதே இல்லையே. அதுக்கு எப்படிங்க பொய் சொல்லக் கத்துக்கொடுக்கிறது?"

"என்கிட்ட ஒரு சென்சார் சும்மா கிடக்கு. அதை மாட்டிட்டா உன் மீட்டர் வேகத்துக்கு வானத்தைப் பார்க்காது," என்றார் மெர்வ். "சைக்கிளை எடுத்துக்கிட்டு வா."

அடுத்த சனிக்கிழமை. க்வெண்டாவுக்கும் முப்பது.