பிளாட்பாரத்தில் அப்பா

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?" என்று கொதித்தாள், 'மாங்கா' என்னும் ஜப்பானிய பாணிப் படக்கதையை வரைந்தவள்.

அவள் வரைந்த கதையில், வீட்டை விட்டுப் போகும் மகளை வழியனுப்ப அப்பா வரவே இல்லை. அதை வைத்து எடுத்த அனிமே கார்ட்டூன் படத்திலோ, அவர் ரயிலுக்குப் பின்னால் செருப்பில்லாமல் ஓடுகிறார்.

"அழ வைக்கிறதுக்காக இஷ்டத்துக்கு அளந்து விடுவீங்களா? இது என் சொந்தக் கதை சார். அந்த மனுஷன் வரல!"

இயக்குநர் தயங்கினார். "பின்னணி வரையறதுக்காக உங்க ஊர் ஸ்டேஷனைப் படம் எடுக்கப் போனோம்மா. கொடி காட்டுறவர் உங்க புத்தகத்தைப் பாத்துட்டு, 'இது தப்பு'ன்னார். ஓடி வந்து விழுந்த உங்க அப்பாவைத் தூக்கி விட்டதே அவர்தானாம்."



குத்திக்காட்டவே அவள் அப்பாவுக்கு அந்தப் புத்தகத்தை அனுப்பியிருந்தாள். சாவதற்கு முன் போனில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நல்லா வரைஞ்சிருக்கம்மா."