மாப்பிள்ளை லேப்டாப்

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை அசோக் கன்னத்தில் கையை ஊன்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் செல்போனில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

கதவிடுக்கு வழியாக இதைப் பார்த்த மாமனார் பொன்ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருச்சுழி பஜாரில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர். நாலு மூட்டையாவது புரட்டினால்தான் அவர் கணக்கில் அது வேலை. இங்கே என்னடாவென்றால், விடிந்ததும் உட்கார்ந்து வட்டத்தை வேடிக்கை பார்ப்பதற்கு வேலை என்று பேர்!

மாடியிலேயே மகளையும் மருமகனையும் குடிவைத்தது தன் தப்புதான் என்று தலையில் அடித்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்கள் வேறு, "மாப்ள என்ன வேல பாக்குறாக அண்ணாச்சி?" என்று புண்ணாக்கு வாங்கும் சாக்கில் கேட்டுத் தொலைக்கிறார்கள். சம்பளம் மாதாமாதம் வருகிறது. எதற்கு வருகிறது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

மருமகனையே கேட்டுவிடலாம்தான். ஆனால் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் நின்று பேசுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. கேள்வியும் மகள் வழியாகப் போகவேண்டும், பதிலும் மகள் வழியாகத்தான் வரவேண்டும்.

"ஏம்மா செல்வி, மாப்ள அப்படி என்னதான் பாக்குறாக அதுல?"

"ஏதோ கம்பெனி வெப்சைட்டத் தொறந்து தொறந்து பாக்குறாகப்பா. எனக்கென்ன தெரியும்?" என்றாள் தங்கச்செல்வி.

"தொறந்தாத்தான பாக்குறதுக்கு? கல்யாணத்துக்கு நான் வாங்கிக் குடுத்த புது லேப்டாப்ப பீரோவுல சேலைக்கு அடியில தூங்க வச்சுட்டு, இந்த ஓட்டச் சாமானக் கட்டிக்கிட்டு அழணுமா?"

"சத்தம் போடாதீகப்பா. இன்னைக்குச் சாயங்காலம் கம்பெனியில பெரிய ஆளுக வீடியோவுல வந்து இவுக வேலையப் பாக்குறாகளாம். அது நல்லபடியா முடிஞ்சாத்தான் வேல நிரந்தரமாகுமாம். இல்லன்னா இந்த மாசத்தோட போயிட்டு வான்னுருவாகளாம். அவுகளே பயந்து போயிருக்காக."

பொன்ராஜுக்குத் திக்கென்றது. பெரிய ஆட்கள் பார்க்கும்போதும் இந்தச் சனியன் வட்டமடித்துக்கொண்டிருந்தால் மகள் பிழைப்பு என்னாகும்?

அன்றைக்குப் பரளச்சியில் அசோக்கின் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது என்பதால் வேண்டாவெறுப்பாக அவன் கிளம்பினான். மகளும் மாப்பிள்ளையும் பஸ் ஏறிய கையோடு பொன்ராஜ் லேப்டாப்பைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வண்டியை விட்டார்.

ரிப்பேர் கடை மாரிசெல்வம் அதை முடுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணாச்சி, இது லேப்டாப்பா, இட்லிச் சட்டியா? சூடு மட்டுந்தான் வருது. பேசாம இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க."

"புதுசு வீட்டுலயே கெடக்கு. மாப்ளைக்கு இந்த ஓட்டச் சாமான் மேலதான் ஆச. பெருசா ஒண்ணும் வேணாம்ப்பா, நெட்டுல ஒரு பக்கத்த அமுக்குனா டக்குன்னு தொறக்கணும். இன்னைக்கே வேணும்."

மாரிசெல்வம் லேப்டாப்புக்குள் இருந்த குட்டிக் காத்தாடியில் அடைத்துக்கிடந்த தூசியை ஊதித் தள்ளினான். பழைய ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டினான், ரேமைக் கூட்டினான். கனமான விண்டோஸுக்குப் பதிலாக லேசான லினக்ஸை ஏற்றி, விளம்பரத்தை மறிக்கிற பிரவுசரையும் போட்டான்.

"இன்னொண்ணு அண்ணாச்சி. பழைய டிஸ்க்குல ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. நெட்டு வேகத்த வேணும்னே இழுத்துப் பிடிச்சு வச்சுருக்கு. யாரு போட்டதோ?"

"எவன் போட்டா என்ன? கண்ட கருமத்தையும் எறக்கி வச்சுருப்பாக. மிச்சம் மீதி இல்லாம அழிச்சுத் தொலை."

மாரிசெல்வம் அழித்தான்.

திரும்பி வரும்போது பொன்ராஜுக்குத் தலைகால் புரியவில்லை. படித்தவர்களாம், கம்ப்யூட்டர் வேலையாம்! பக்கத்து ஊர் ரிப்பேர் கடைக்குப் போகத் துப்பில்லை. இவர்களை நம்பி ஒரு கம்பெனி நடக்கிறது, அதற்கு நாலு பெரிய ஆட்கள் வேறு. தீவன மூட்டை இறக்குகிற ஆள்கூட இதைவிட நாலு மடங்கு மூளையோடு இருப்பான் என்று வழிநெடுக முனகிக்கொண்டே வந்து, லேப்டாப்பை இருந்த இடத்திலேயே வைத்தார்.

சாயங்காலம் அசோக் அரக்கப்பரக்க மாடியேறி லேப்டாப்பைத் திறந்தான். வெப்சைட்டை அமுக்கியதும் பளிச்சென்று வந்து நின்றது. மூடிவிட்டு மறுபடியும் அமுக்கினான். மறுபடியும் பளிச். அவன் முகம் வெளுத்துப்போனது.

அறை வாசலில் பொன்ராஜ் மீசையை நீவிக்கொண்டு நின்றார். இத்தனை பெரிய காரியத்தைச் செய்துவிட்டு அதையும் மகள் வழியாகவா சொல்லியனுப்ப முடியும்? முதல் தடவையாக நேரிலேயே பேசினார்.

"எப்படி மாப்ள? ஒரே மத்தியானத்துல மாத்திட்டேன். ஓட்ட லேப்டாப்ப வச்சுக்கிட்டு வட்டத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா எவன் வேல குடுப்பான்?"

கம்பெனியிலிருந்து வீடியோ அழைப்பு வந்துவிட்டது. அசோக் அதை எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் மாமனாரைப் பார்த்தான். அவனும் முதல் தடவையாக நேரிலேயே பதில் சொன்னான்.

"ஓட்ட லேப்டாப்புல கம்பெனி வெப்சைட்டு தொறக்க எம்புட்டு நேரமாகுதுன்னு பாத்துச் சொல்றதுதான் மாமா என் வேலையே!"