மூச்சுப் பந்தயம்

முக்குளிப்பான் பறவை தண்ணீருக்குள் போனதும் ரவ்ஷான் டீச்சரும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பியிருக்க, கண் தொலைநோக்கியை விட்டு நகரவில்லை. சற்று நேரத்தில் அலைமேல் வெளுத்த கழுத்து ஒன்று எழுந்தது. அவள் மூச்சை விட்டு, விரித்திருந்த கம்பளித் துணியில் இடம் பார்த்து ஒரு வெள்ளைக் கிளிஞ்சலை வைத்தாள்.

பக்கத்தில் நின்ற மெய்ராமுக்கு எரிச்சலாக வந்தது. இந்தம்மா எப்போது கிளம்பும்?

அவள் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீருக்கு அடியில்தான் அவன் போட்ட திருட்டு வலை கிடந்தது. முட்டைக்காகவே விலைபோகும் பெக்கிரே மீனைப் பிடிக்கத் தடை. போன குளிர்காலத்தில் மாட்டி, கையைக் காலைப் பிடித்து அபராதத்தோடு தப்பியிருந்தான். இன்னொரு தடவை என்றால் ஜெயில்தான். காற்றோ வடக்கே திரும்பிவிட்டது. இருட்டுவதற்குள் இழுக்காவிட்டால் காஸ்பியன் கரை உறைந்துவிடும். வலையும் போகும், மீனும் போகும்.

"அக்கா, மின்நிலையத்துல வெந்நீர் விடுற இடத்துல அன்னம் கூட்டங்கூட்டமா நிக்குது. அங்க குளிரும் தெரியாது."

"அன்னத்த ஊரே பாக்குது தம்பி. இத யாரு பாக்குறா?" பிளாஸ்கிலிருந்து பால் தேநீர் ஊற்றி நீட்டினாள். கூடவே எண்ணெயில் பொரித்த இரண்டு பவுர்சாக் மாவு உருண்டைகள். "நீங்களும் பறவை பாக்கத்தான வந்தீங்க?"

"பின்ன?" அவன் கழுத்திலும் ஒரு பைனாகுலர் தொங்கியது. அது ரோந்து ஜீப் வருகிறதா என்று பார்க்க.

இன்னொரு பறவை முங்கியது. அவள் மூச்சைப் பிடித்தாள். முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசியில் தாங்காமல் இருமிக்கொண்டே விட்டாள். துணியில் ஒரு கறுப்புக் கல்லை வைத்தாள்.

"பறவைகிட்ட தோத்துட்டீங்களா அக்கா?"

"தோத்துட்டேன்." அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவள் ஜெயித்தாள், தோற்றாள். கிளிஞ்சல்கள் துணி முழுக்க இறைந்து கிடந்தன. கறுப்புக் கற்கள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"தோல்விய மட்டும் அழகா அடுக்கி வெச்சிருக்கீங்க" என்று சீண்டினான். அவள் கடலை ஒரு தடவை பார்த்து, கடைசிக் கல்லைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

அப்போதுதான் மேட்டில் ஜீப் சத்தம் கேட்டது. மெய்ராம் பைனாகுலரைக் கடல் பக்கம் திருப்பினான். ஓடினால் சந்தேகம் வரும். நின்றான்.

இறங்கி வந்த மீன்வள அதிகாரிக்கு அவனை அடையாளம் தெரிந்தது. "நீயா? இங்க என்னடா பண்ற?"

"பறவை பாக்குறேன் சார்."

"உன் மூஞ்சிக்குப் பறவை ஒரு கேடு. நெசமாம்மா?"

"ரொம்ப நேரமா என்கூடத்தான் நிக்கிறார்" என்றாள் ரவ்ஷான்.

அதிகாரி கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலசினார். மெய்ராம் மூச்சு விடாமல் நின்றான். மிதவைகளையெல்லாம் தண்ணீருக்கு அடியிலேயே நிற்கும்படி தாழ்த்திக் கட்டியிருந்தான். மேலே ஒரு கயிறு கிடையாது, ஒரு கட்டை கிடையாது. எந்தக் கொம்பன் வந்து பார்த்தாலும் வெறும் அலைதான்.

"ஒண்ணும் இல்ல" என்று அதிகாரி ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

மெய்ராம் அதுவரை பிடித்திருந்த மூச்சை மெல்ல விட்டான். ரவ்ஷான் திரும்பி அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கறுப்புக் கற்களின் வரிசைமேல் விரலை ஓட்டி, அதே விரலைக் கடல் பக்கம், வலை கிடந்த இடத்துக்கு நேராக நீட்டினாள்.

"சார், இதெல்லாம் முங்கிட்டு மேல வராத பறவைங்க."