மீன் போட்ட தூண்கள்

கூடத்தின் நடுவே நான்கு தூண்கள். நான்கிலும் குளியலறை டைல்ஸ். வெள்ளையில் நீல மீன்கள்.

பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி குனிந்து ஒரு மீனை உற்றுப் பார்த்தாள்.

“கூடத்துல யாருங்க குளிக்கிறது?”

வீட்டுக்காரர் ஒரு தையல்காரர். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதில் அவருடைய அக்காவிடமிருந்து வந்தது.

“இவன் ரசனை அப்படி, மேடம். பொண்டாட்டியத் தவிர வேற எதையும் இவன் உருப்படியாப் பாத்து எடுத்ததில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. கூரையிலிருந்து ஒரு சொட்டு வாளியில் விழுந்தது.

கூரையை மாற்ற வங்கிக் கடன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வீடு பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டால் அதுவும் போச்சு. விற்க முடியாது, இடிக்க முடியாது, ஜன்னல் மாற்றக்கூட மனுப் போட வேண்டும். அப்படிப்பட்ட வீட்டை நம்பி எந்த வங்கி பணம் தரும்? அரசாங்கம் தருவதோ வாசலில் மாட்ட ஒரு நீலப் பலகை. அவ்வளவுதான்.

அதிகாரி விரலை மடக்கித் தூணைத் தட்டினாள். காலிப் பெட்டியைத் தட்டிய சத்தம்.

கீழ் வரிசையில் ஒரு மீன் கையோடு வந்துவிட்டது.

தையல்காரர் கண்களை மூடிக்கொண்டார்.

டைல்ஸ் ஒட்டியிருந்தது பிளைவுட் பெட்டியின் மேல். பலகைகளின் இடுக்கில் அவள் இரண்டு விரல்களை நுழைத்தாள். கம்பளித் துணி. அளவெடுத்து, மடித்துத் தைத்து, வரிசையாகப் பொத்தான் வைத்த துணி.

தூணுக்கு ஒரு சட்டை.

ஒரு பொத்தானைக் கழற்றினாள். உள்ளே பழைய மரத்தில் செதுக்கிய பூவிதழ்கள் விரலில் தட்டுப்பட்டன. அந்த மரத்தில் ஓர் ஆணிகூட இறங்கவில்லை. விரலை வெளியே எடுத்தபோது எண்ணெய் மினுங்கியது. கரையான் அண்டாமல் இருக்கப் பூசும் எண்ணெய். நேற்றுத்தான் பூசியிருக்க வேண்டும்.

மறுபடி விரல்களை விட்டுப் பொத்தானைப் போட்டாள்.

பிறகு படிவத்தில் எழுதினாள்: ‘குறிப்பிடும்படியான பழைமை எதுவும் இல்லை.’

“கீழ் வரிசை ஆடுதுண்ணே. நல்ல பசையா வாங்கி ஒட்டிடுங்க. எங்க பெரிய ஆபீசர் வந்தா, நாலு தூணையும் தட்டாமப் போகமாட்டாரு.”

வெளியே வந்தாள். எதிர் வீட்டுச் சுவரில் நீலப் பலகை பளபளத்தது. அதன் பின்னால் கூரை இல்லை. கரையான் தின்ற தூண் ஒன்று வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது.

மூன்று வருடங்களுக்கு முன்னால், அந்தப் பலகையை மாட்டியபோது நேராக இருக்கிறதா என்று இதே இடத்தில் தள்ளி நின்று பார்த்துச் சொன்னவள் அவள்தான்.

இப்போதும் நேராகத்தான் இருந்தது.